பழைய ஆங்கில விலங்குப் பெயர்களைக் கொண்டு திட்டுவது எப்படி

1598-ஆம் ஆண்டு அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதற்பாகத்தில், சத்திரம் நடத்தும் அம்மாளுக்கும் அங்கே கடனுக்குத் தின்றும் குடித்தும் உடம்பை வளர்த்த ஃபால்ஸ்டாஃபுக்கும் வாய்ச்சண்டை முற்றும் இடம் ஒன்று உண்டு. ‘நீ ஒரு மிருகம்’ என்கிறான் அவன். ‘என்ன மிருகம், சொல்லடா பார்ப்போம்’ என்று அவள் மடக்குகிறாள். ‘நீர்நாய்’ என்று விடை வருகிறது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் இளவரசன் விடுவதாக இல்லை, ‘நீர்நாயா? ஏன் நீர்நாய்?’ என்று கேட்கிறான். ‘மீனிலும் சேர்த்தியில்லை, இறைச்சியிலும் சேர்த்தியில்லை, எங்கே பிடிப்பதென்று ஒருவனுக்கும் தெரியாது’ என்கிறான் ஃபால்ஸ்டாஃப். ‘என்னை எங்கே பிடிப்பதென்று உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்’ என்று அந்த அம்மாள் வெகுளியாக எதிர்வாதம் செய்து, தன் வாயாலேயே மாட்டிக்கொள்வது தனிக்கதை.

பழைய ஆங்கில விலங்குப் பெயர்களை வசவாகக் கையாள விரும்புகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும், அக்கால நாடகங்களைத் தமிழாக்குகிறவர்களும், வரலாற்றுக் கதைக்கு உரையாடல் எழுதுகிறவர்களும், அகராதியிலிருந்து விளங்காத சொல் ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். சொல் பழையதாக இருப்பதனால் மட்டும் அது சுடுவதில்லை. ‘ஏன் அந்த விலங்கு?’ என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய காரணம் கையில் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படி வாக்கியத்தில் அமைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சொல் உண்மையிலேயே விலங்கைத்தான் குறிக்கிறதா என்று பார்ப்பது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நாடகத்துக்காக ‘மாக்பெத்’தின் ஐந்தாம் அங்கத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். பகைவர் படை வருகிறது என்று சொல்ல ஓடிவரும் வேலைக்காரனின் முகம் அச்சத்தால் வெளுத்திருக்கிறது; மாக்பெத் அவனைப் ‘பாலாடை முகம் கொண்ட லூன்’ என்று ஏசி, ‘அந்த வாத்துப் பார்வையை எங்கே வாங்கினாய்?’ என்று கேட்கிறான். லூன் என்பது ஐரோப்பா, அமெரிக்காவின் வடபகுதி ஏரிகளில் முழுகி மீன் பிடிக்கும் ஒரு நீர்ப்பறவையின் பெயர் என்று தெரியும். அடுத்த வரியிலேயே வாத்து வேறு வருகிறது. ஆகவே கொஞ்சமும் சந்தேகப்படாமல் ‘வெளிறிய முக்குளிப்பானே’ என்று எழுதிவிட்டேன். ஒத்திகையில் மாக்பெத்தாக நடித்த மாணவர் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் நின்று, ‘முக்குளிப்பான் என்றால் பயந்தாங்கொள்ளியா, ஐயா?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் பார்த்தபோது, மாக்பெத் சொல்லும் லூன் கயவனையும் வெற்றுப்பயலையும் குறிக்கும் வேறொரு சொல் என்பதும், பறவையின் பெயர் ஸ்காண்டினேவிய மொழி வழியே தனியாக வந்து சேர்ந்தது என்பதும் தெரியவந்தன. இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். அந்தக் காட்சியின் உண்மையான விலங்கு வசவு வாத்துதான். வேலைக்காரன் ‘பத்தாயிரம்…’ என்று தொடங்குவதற்குள், ‘வாத்துகளா, பயலே?’ என்று மாக்பெத் குறுக்கிடுவது அதன் தொடர்ச்சியே. ‘படைவீரர்கள், ஐயா’ என்று அவன் முடிக்கும்போதுதான் அரங்கில் சிரிப்பு அடங்குகிறது.

இப்படிப்பட்ட பொறிகள் இன்னும் சில உண்டு. ‘கல்’ (gull) என்னும் ஆங்கிலச் சொல் ஏமாளியைக் குறிக்கும். அதைப் பார்த்ததும் கடற்காகம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பழைய ஆங்கிலத்தில் இறகு முளைக்காத பறவைக் குஞ்சுக்கும் அதே பெயர் இருந்தது, வசவின் சாயல் அந்தக் குஞ்சோடுதான் பொருந்துகிறது. ‘பேடக்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் குதிரைகளை மேயவிடும் வேலியடைத்த நிலம். சூனியக்காரிகளின் காலத்து ஆங்கிலத்திலோ அது தேரை. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. எதிர்த்திசையிலும் தவறு நேரும்: ‘அர்ச்சின்’ என்றால் தெருவில் திரியும் கந்தல் உடைச் சிறுவன் என்று மட்டுமே இன்று நினைக்கிறோம். அது பிரெஞ்சு வழியாக வந்த முள்ளெலியின் பெயர். முள் நிறைந்த கடலுயிரிக்குக் கடல் அர்ச்சின் என்று பெயர் நிலைத்திருப்பதில்தான் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்த படி, அந்த விலங்கைப் பற்றி அக்காலத்து மக்கள் என்ன அறிந்திருந்தார்கள், அல்லது அறிந்ததாக நம்பினார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது. இன்றைய விலங்கியல் இங்கே உதவாது. நாற்றம், திருட்டு, நஞ்சு, மடமை, காமம் ஆகிய ஐந்து தலைப்புகளில் பெரும்பாலான பெயர்கள் அடங்கிவிடும்.

நாற்றத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில்தான் சரக்கு மிகுதி. ‘பிராக்’ என்பது முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு, மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கின் பழம்பெயர். ஆங்கிலத்துக்குக் கெல்டிக் மொழிகள் கொடுத்த மிகச் சில சொற்களில் அதுவும் ஒன்று. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், போலிக் காதல் கடிதத்தைப் படித்துத் தலைகால் புரியாமல் ஆடும் மால்வோலியோவை மறைவிலிருந்து பார்க்கும் சர் டோபி, ‘உன்னைத் தூக்கில் போட, பிராக்கே!’ என்று பல்லைக் கடிக்கிறார். நாற்றம் பிடித்த பயல் என்பதே அங்கே பொருள். அடுத்தது, கீரியைப் போல் நீண்ட உடலும், வாலடியில் கெட்ட வாடை வீசும் சுரப்பியும் கொண்ட போல்கேட். இதற்கு மூன்று பெயர்கள் வழங்கின. போல்கேட் என்பதன் முற்பகுதி பெரும்பாலும் கோழியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, கோழிக்கூட்டில் புகும் பழக்கத்தால். ஃபூமார்ட் என்பது ‘நாறும் மார்ட்டன்’ என்னும் பழைய ஆங்கிலத் தொடரின் தேய்வு. மூன்றாவது ‘ஃபிட்ச்சூ’, ‘ஒதெல்லோ’வில் காசியோ, தன்னைத் தேடிவரும் பியாங்காவைப் பார்த்து, ‘இதுவும் ஒரு ஃபிட்ச்சூதான், என்ன, வாசனை பூசிய ஃபிட்ச்சூ’ என்கிறான். நாற்றத்தின்மேல் நறுமணத்தைத் தடவி, அதன்மூலம் காமத்தையும் சேர்த்துச் சொல்லும் இந்தத் திட்டு, அருவருப்பானதாக இருந்தாலும், கட்டமைப்பில் குறை சொல்ல முடியாதது.

திருட்டுக்குப் பருந்து. ‘பட்டாக்’ என்பது பருந்துக்கும் அதையொத்த இழிந்த வேட்டைப் பறவைகளுக்கும் வழங்கிய பெயர். கையில் பழக்கி வேட்டையாடும் உயர்ந்த வல்லூறு ஒரு பக்கம். தெருக் கழிவைப் பொறுக்கித் தின்னும் பருந்து மறுபக்கம். அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் பருந்துகள் சர்வசாதாரணம். ஆகவே ‘சிம்பலின்’ நாடகத்தில் இமோஜன், ‘கழுகைத் தேர்ந்தெடுத்தேன், பட்டாக்கைத் தவிர்த்தேன்’ என்று தன் கணவனையும் தான் மணக்க மறுத்தவனையும் ஒப்பிட்டபோது, கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லியர் அரசன் மூத்த மகளைப் பார்த்து வெடிக்கும் ‘வெறுக்கத்தக்க பருந்தே, பொய் சொல்கிறாய்’ என்பதும் இந்த வகையே.

நஞ்சுக்குத் தேரையும் சிலந்தியும். சிலந்தியின் பழம்பெயர் ‘ஆட்டர்காப்’. அதன் முற்பகுதியே பழைய ஆங்கிலத்தில் நஞ்சு என்று பொருள்படும். பிற்பகுதி இன்றும் சிலந்தி வலையைக் குறிக்கும் ‘காப்வெப்’ என்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹாம்லெட் தன் சிற்றப்பனைத் தாயிடம் ஒரே வரியில் பேடக், வௌவால், கிப் என்று மூன்றாக்குகிறான். ‘கிப்’ என்பது கில்பர்ட் என்னும் ஆண்பெயரின் சுருக்கம். கடுவன் பூனைக்கு அதுவே பெயராக வழங்கியது. நஞ்சு, இருட்டு, காமம் என்று அடுக்கிப் பார்த்தால், அண்ணனின் காதில் நஞ்சூற்றிக் கொன்று அண்ணியை மணந்தவனுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது விளங்கும்.

மடமைக்குப் பறவைகளே மிகுதி. வுட்காக் என்னும் மலை உள்ளானைக் கண்ணி வைத்து எளிதில் பிடித்துவிடலாம் என்பதனால், அது ஏமாளியின் மறுபெயராயிற்று. டாட்டரெல் மனிதரைக் கண்டு அஞ்சாமல் நின்று அகப்படும். ‘டா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஜாக்டா என்னும் காக்கையினப் பறவையும் முட்டாளுக்கு ஆகிவந்தது. கிளியின் பழம்பெயரான ‘பாப்பின்ஜே’ மட்டும் சற்று வேறுபட்டது. அது வெறும் மூடனை அல்ல, பளபளக்கும் உடையில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் பகட்டுக்காரனைக் குறிக்கும். ‘நான்காம் ஹென்றி’ முதற்பாகத்தில், போர் முடிந்து குருதியும் வியர்வையுமாக நிற்கும் ஹாட்ஸ்பர் என்னும் வீரனிடம், நறுமணப் பெட்டியை மூக்கில் பிடித்தபடி வந்து கைதிகளைக் கேட்கும் அரசவைச் சீமானுக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

முயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கோனி’ என்பதே முன்பு முயலுக்குப் பொதுப்பெயர். ‘ராபிட்’ என்பது அதன் குட்டிக்கு மட்டும் உரியது. 1591, 1592 ஆண்டுகளில் ராபர்ட் கிரீன் எழுதிய சிறு வெளியீடுகள், கிராமத்திலிருந்து லண்டனுக்கு வருகிறவர்களைச் சீட்டாட்டத்தில் மொட்டையடிக்கும் கூட்டத்தாரைக் கோனி பிடிப்பவர்கள் என்றும், ஏமாறுகிறவரைக் கோனி என்றும் குறித்தன. பழைய உச்சரிப்பு நம் ‘கனி’யை ஒத்திருந்தது, அது ஒரு கெட்ட வார்த்தையோடு ஒலியில் நெருங்கிவிட்டதால், நாகரிகம் கருதிப் பின்னாளில் ‘கோனி’ ஆக்கினார்கள். வேதாகமத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் இடம்பெற்றிருந்ததும், அதைக் கோயிலில் உரக்கப் படிக்க வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு தூண்டுதல். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘குழிமுசல்’ என்று இருப்பதைப் பலரும் படித்திருப்பார்கள்.

பழைய பெயர் எல்லாமே வசவு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘டம்பிள்டோர்’ என்னும் பெயரை இன்று தமிழ்ப் பிள்ளைகள் கூட அறிவார்கள். அது ஆங்கில வட்டாரப் பேச்சில் ரீங்கரிக்கும் பெரிய வண்டுத்தேனீயின் பெயர், அதைக் கொண்டு யாரையும் திட்ட முடியாது. மண்ணை எறிவது என்று பொருள்படும் ‘மோல்ட்வார்ப்’ மண்ணுக்குள் வாழும் மோல் என்னும் சிற்றுயிரின் பெயர். தீர்க்கதரிசனக் கதைகளில் சாபம் பெற்ற அரசனுக்கு அது அடையாளமாக வந்ததால் மட்டுமே அதற்கு ஒரு கடுமை உண்டு. கொஞ்சல் சொற்களும் உண்டு: எலி என்றும் கோழிக்குஞ்சு என்றும் காதலியை அழைத்திருக்கிறார்கள்.

விலங்கைத் தேர்ந்த பிறகு, அழைக்கும் முறைக்கு வருவோம். ‘தௌ’ என்னும் ஒருமை முன்னிலை அன்றைய ஆங்கிலத்தில் நம் ‘நீ’யைப் போன்றது: இறைவனிடமும், பிள்ளையிடமும், காதலியிடமும், வேலைக்காரனிடமும் பேசலாம், சமமானவரிடமோ மேலானவரிடமோ சொன்னால் அதுவே அவமதிப்பு. இதை விளக்க நாடகம் தேவையில்லை; நீதிமன்றக் குறிப்பே இருக்கிறது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை ‘விரியனே’ என்று அழைத்து, ‘உன்னை நான் நீ என்றே சொல்கிறேன், துரோகியே’ என்று சேர்த்துக்கொண்டார். விரியன் பாம்பு என்பதைவிட ‘நீ’ என்பதுதான் தனக்குப் பெரிய ஆயுதம் என்று அவர் கருதியதாக அந்த வாக்கியம் காட்டுகிறது. தமிழருக்கு இது எளிதில் புரியும். ‘நீங்கள் ஒரு கழுதை’ என்பதற்கும் ‘நீ ஒரு கழுதை’ என்பதற்கும் உள்ள தொலைவை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனாலும் தௌ இல்லாமல் திட்டே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. லியர் நாடகத்தில் கென்ட் பிரபு, வாலாட்டிப் பிழைக்கும் ஆஸ்வால்டை ‘யூ வேக்டெய்ல்’ என்றே திட்டுகிறார்; வாலாட்டிக் குருவி என்பது அதன் நேர்ப்பொருள், பொருத்தத்துக்கு விளக்கம் வேண்டாம். புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, தௌ போட்டுவிட்டு அதற்குரிய வினைமுற்றை மறப்பது. விளியாக மட்டும் பயன்படுத்தினால், அதாவது தௌ, ஓர் அடைமொழி, ஒரு விலங்கு என்று நிறுத்திக்கொண்டால், வினைமுற்றுத் தொல்லையே வராது. ஆரம்பத்தில் இந்த வடிவத்தையே பழகுங்கள்.

அடைமொழியில்தான் எழுதுகிறவரின் கை தெரியும். ‘ஐந்தாம் ஹென்றி’யில் பிஸ்டல், நிம் என்னும் கூட்டாளியை ‘காது விறைத்த ஐஸ்லாந்து நாயே’ என்கிறான். வெறும் நாய் என்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐஸ்லாந்திலிருந்து இறக்குமதியான சடைமயிர் நாய்களை அக்காலச் சீமான்களும் சீமாட்டிகளும் ஆசையோடு வளர்த்தார்கள். 1570-இல் ஜான் கையஸ் என்னும் மருத்துவர் இலத்தீனில் எழுதிய பிரிட்டிஷ் நாய்களைப் பற்றிய நூலிலேயே அவற்றைப் பற்றிய பேச்சு உண்டு. ஆகவே அந்த அடைமொழி, நிம்மை முரட்டு நாயாக அல்ல, மயிர் பிசுபிசுத்த, காது மட்டும் விறைத்த வளர்ப்பு நாயாகக் காட்டுகிறது. அடைமொழி விலங்கின் உடலிலிருந்தோ பழக்கத்திலிருந்தோ வர வேண்டும். ‘கேடுகெட்ட’, ‘அற்பமான’ போன்ற பொதுச்சொற்கள் எந்த விலங்கோடும் ஒட்டும், அதனால் எதோடும் ஒட்டாது.

அடுக்கித் திட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஃபால்ஸ்டாஃப் ஒல்லியான இளவரசனைத் திட்டும்போது, உலர்ந்த மாட்டு நாக்கு, காளையின் குறி, ஸ்டாக்ஃபிஷ் என்று போகிறான். ‘நீட்’ என்பது மாட்டின் பழம்பெயர். ஸ்டாக்ஃபிஷ் என்பது கம்பில் தொங்கவிட்டுக் காயவைத்த காட் மீன், நம் ஊர்க் கருவாடேதான். எல்லாமே நீண்டு மெலிந்து உலர்ந்தவை. ஒன்றுகூட வேறு குணத்துக்குத் தாவவில்லை. பருத்தவன் ஒல்லியானவனைத் திட்டுகிறான் என்பதை மேடையில் பார்க்கும்போது அந்த ஒழுங்கு கண்ணுக்கே தெரியும். மாறாக, ‘டிராய்லஸும் கிரெஸிடாவும்’ நாடகத்தின் தெர்சைட்டிஸ் வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறான்: நாயாகவோ, கோவேறு கழுதையாகவோ, பூனையாகவோ, ஃபிட்ச்சூவாகவோ, தேரையாகவோ, பல்லியாகவோ, ஆந்தையாகவோ, பட்டாக்காகவோ, சினையில்லாத ஹெர்ரிங் மீனாகவோ பிறந்தாலும் எனக்குக் கவலையில்லை, மனைவியைப் பறிகொடுத்த மெனலாவுஸாக மட்டும் பிறக்க மாட்டேன் என்கிறான். இங்கே விலங்குகள் வசவே அல்ல, ஒன்பது படிகள். பத்தாவது படியில் நிற்கும் மனிதனின் பெயர்தான் வசவு. ஓர் எழுத்தாளர் தன் வாழ்நாளில் ஒருமுறைதான் இந்த உத்தியைக் கையாள முடியும், அதையும் சரியான ஆளுக்காகச் சேமித்து வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, எதிராளியே தேர்ந்துகொண்ட விலங்கை அவருக்கே திருப்பிவிடுவது. இடைக்காலப் பிரபுக்கள் கொடியிலும் பணியாளர் சட்டையிலும் சின்னங்களைத் தைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் காட்டுப்பன்றி. 1484-இல் வில்லியம் காலிங்போர்ன் என்பவர், ‘பூனையும் எலியும் எங்கள் நாய் லவலும் ஒரு பன்றியின்கீழ் இங்கிலாந்தை ஆள்கிறார்கள்’ என்னும் பொருளுள்ள இருவரிப் பாட்டைக் கட்டினார். அரசருக்கு நெருக்கமானவர்களில் பூனை கேட்ஸ்பி, எலி ராட்கிளிஃப், லவலின் சின்னத்தில் ஓநாய், பன்றி அரசரேதான். காட்டுப்பன்றியை ஒரே சொல்லில் வீட்டுப்பன்றி ஆக்கியதுதான் அதன் கூர்மை. காலிங்போர்ன் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாட்டைவிட்டு ஓடிய, அரியணைக்குப் போட்டியாளரான ஹென்றி டியூடரோடு தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டும் அதில் உண்டு என்றாலும், மக்கள் நினைவில் நின்றது பாட்டுத்தான். அதற்கும் முன்பே, சஃபோக் கோமகன் வில்லியம் டி லா போலின் சின்னத்தில் மரக்கட்டையும் சங்கிலியும் இருந்தன. பழக்கிய குரங்கு ஓடாமலிருக்க அதன் கழுத்தில் மாட்டுவது அதுவே என்பதால், அவருக்கு ‘ஜாக் நேப்ஸ்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. 1450-இல் நாடுகடத்தப்பட்டுச் செல்லும் வழியில், படகின் விளிம்பில் வைத்து அவர் தலை வெட்டப்பட்டது. துடுக்குப் பயலைக் குறிக்கும் ‘ஜாக்கனேப்ஸ்’ என்னும் வசவு நம் கைக்கு வந்தது அப்படித்தான்.

நம் வீடுகளில் தாத்தாக்கள் தாராளமாக வழங்கிய ‘ராஸ்கல்’லும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். அதன் முதற்பொருள் கீழ்மக்கள் கூட்டம் என்பது. வேட்டைக்காரர் பேச்சில் மந்தையிலுள்ள மெலிந்த, எய்வதற்கு மதிப்பில்லாத மானுக்கும் அது பெயராயிற்று. ஃபால்ஸ்டாஃபை ‘கொழுத்த ராஸ்கல்’ என்று சொல்லும்போது நாடகம் பார்த்தவர்கள் சிரித்தது, ராஸ்கல் மான் ஒருபோதும் கொழுக்காது என்று அவர்களுக்குத் தெரிந்ததனால்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சொற்களில் கணிசமானவை பெண்களைக் குறிவைத்தவை: ஃபிட்ச்சூ, போல்கேட், ஓய்ந்த குதிரையைக் குறிக்கும் ‘ஜேட்’, வளர்ந்தபின் பிடிபட்டதால் பழக்குவதற்குக் கடினமான வல்லூறைக் குறிக்கும் ‘ஹாகர்ட்’. பாத்திரத்தின் வாயில் வைக்கும்போது அந்த நஞ்சு முழுவதும் உடன் வருகிறது என்பதை அறிந்து வையுங்கள். ‘ஷ்ரூ’ என்பதன் வரலாறு இங்கே வேடிக்கையானது. அது மூக்கு நீண்ட மூஞ்சூறு; அது கடித்தால் நஞ்சு, மாட்டின்மேல் ஓடினால் மாடு முடமாகும் என்று நம்பினார்கள். அந்த முடத்தைப் போக்கும் கிளைகளைத் தருவதற்காக, உயிருள்ள மூஞ்சூறு ஒன்றை உள்ளே வைத்து அடைத்த மரம் தன் ஊரில் நின்றதைக் கில்பர்ட் வைட் 1789-இல் வெளியான நூலில் பதிவு செய்திருக்கிறார். இந்தச் சொல் வசவாகத் தொடங்கியபோது கெட்ட ஆண்களைத்தான் குறித்தது. வாயாடிப் பெண்ணுக்கு அது மாற்றப்பட்டது பிறகு.

தமிழாக்கத்துக்கு வந்தால், விலங்கைப் பெயர்ப்பதா, குணத்தைப் பெயர்ப்பதா என்ற கேள்வி எழும். ஐயமில்லாமல் குணத்தை. ஷ்ரூவை மூஞ்சூறு என்று எழுதினால் பிள்ளையாரின் வாகனம் நினைவுக்கு வந்து வசவு அவிந்துபோகும். ‘அடங்காப்பிடாரி’ என்று நம்மவர்கள் பெயர்த்தது சரியான முடிவு. ‘ஹாம்லெட்’டில் தொப்பியை மாட்டிக்கொண்டு விரையும் ஆஸ்ரிக்கைப் பார்த்து, ‘ஓட்டைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடுகிறது இந்த லாப்விங்’ என்கிறான் ஹொரேஷியோ. முட்டையிலிருந்து வெளிவந்த கணமே ஓடத் தொடங்கும் அரைவேக்காட்டைக் குறிப்பது அது. தமிழில் அந்தப் பறவையினத்துக்கு ஆள்காட்டி என்று பெயர். அப்படியே எழுதினால், பாவம் ஆஸ்ரிக், நம் மேடையில் காட்டிக்கொடுப்பவனாக நிற்பான், கதையே திசைமாறும். ‘முட்டை ஓடு இன்னும் தலையிலிருந்து விழவில்லை, அதற்குள் ஓட்டத்தைப் பார்’ என்று பறவையின் பெயரை விட்டுவிட்டால் போதும். தொடக்கத்தில் சொன்ன நீர்நாயிலும் இந்தச் சிக்கல் உண்டு: ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குள் நாய் இல்லை, தமிழில் இருக்கிறது. நாய் என்று காதில் விழுந்ததுமே வசவு முடிந்துவிடுவதால், ‘ஏன்?’ என்ற கேள்வியே எழாது. அங்கே நான் ‘ஆமை’ என்று மாற்றிப் பார்த்தேன். நீரிலும் நிலத்திலும் சேராதது என்ற காரணம் தங்கியது, ஆனால் எங்கே பிடிப்பது என்ற இரட்டைப்பொருள் பாதி போயிற்று. மாக்பெத்தின் வாத்து மட்டும் தொல்லை தரவில்லை, ‘வாத்து மடையா’ என்று திட்டும் மொழியில் அதற்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை.

இன்றும் உயிரோடுள்ள பழம்பெயர் வசவைக் கேட்க விரும்பினால், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலுக்குப் போக வேண்டும். எறும்பின் பழம்பெயரான ‘எம்மெட்’ என்பதை அங்கே கோடைக்காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்து சாலையை அடைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழங்குகிறார்கள். பிராக்கின் கதை இதற்கு நேர்மாறு. குழந்தைக் கதைகளில் கரிசனமுள்ள முதியவராக வலம் வந்து, நாற்றத்தையெல்லாம் கழுவிக்கொண்டுவிட்டது. இன்றைய ஆங்கிலேயர் ஒருவரைப் பிராக் என்று திட்டினால் அவர் மகிழவும் கூடும்.

பயிற்சிக்கு ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். எங்கள் நாடகக் குழு ஒருமுறை மாணவர் விடுதியில் தங்கி ஒத்திகை பார்த்தபோது, கொடியில் காயப்போட்ட துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எடுப்பவர் யார் என்றும் எல்லாருக்கும் தெரியும். குணம் திருட்டு, ஆகவே பட்டாக். அடைமொழி பழக்கத்திலிருந்து வர வேண்டும்: பருந்து கூடு கட்டும் காலத்தில் சிறு துணிகளைத் தூக்கிச் செல்லும், ‘குளிர்காலக் கதை’யில் வரும் துணித் திருடனே இதை எடுத்துச் சொல்கிறான். முன்னிலை தௌ, வினைமுற்று வேண்டாம். ‘தௌ லினன்-ஸ்டீலிங் பட்டாக்!’ என்று மாக்பெத்தாக நடித்தவர் மாடிப்படியில் நின்று முழங்கினார். ‘பட்டாக்கா? ஏன் பட்டாக்?’ என்று கீழேயிருந்து அந்த ஆளே கேட்டார். காரணம் சொல்லப்பட்டது. மறுநாள் காலை நான்கு துண்டுகளும் கொடியில் தொங்கின. என் சோப்புப் பெட்டி மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.